தவளம் முதல் இழுவைப் பெட்டி வரை: கந்தளாய் வீதியின் சுமை

அவுஸ்திரேலியாவில் வாழும் மைத்துனர் ஒருவர் சில வாரங்களுக்கு முன்னர் மின்னஞ்சலில் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். 1980களில் உற்பத்தியான ரொயோட்டா லான்ட் குரூசர் ஒன்று; அதன் பின்னால் வெள்ளை நிறத்தில் ஒரு கரவன். கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி என்று ஒரு சிறு வீட்டையே சக்கரத்தில் ஏற்றி இழுத்துச் செல்லும் வண்டி அது. ஓய்வுபெற்ற பின் மனைவியுடன் கண்டத்தைச் சுற்றப் போகிறாராம். “பழைய வில்லுத் தகட்டு வண்டிதான், ஆனாலும் இழுக்கும். எங்கட ஊரில இப்பிடி ஒண்டை ஒருநாளும் கண்டிருக்க மாட்டீர்கள்” என்று கீழே எழுதியிருந்தார்.

கண்டிருக்கிறேன். கந்தளாயில், 1986ஆம் ஆண்டில், மூன்று மாதங்கள் கண்டிருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன் அந்த வீதியின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பத்திரிகைக்காரனுக்குப் பின்னணி சொல்லாமல் செய்தி சொல்ல வராது, வாசகர்கள் பொறுத்தருள்க.

கரவன் என்ற சொல் பாரசீக மொழியின் ‘கார்வான்’ என்பதிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. பாலைவனத்தில் கூட்டமாகச் செல்லும் வணிகர் தொகுதியை அது குறித்தது. தமிழில் அதற்குச் ‘சாத்து’ என்று பெயர். கோவலனின் தந்தை மாசாத்துவான் என்ற பெயரிலேயே அந்தத் தொழில் ஒளிந்திருக்கிறது. உப்பு வணிகரான உமணர், மேடும் பள்ளமும் எங்கே வருமென்று தெரியாத வழிக்காக, வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்ற செய்தியை ஔவையார் புறநானூற்றின் 102ஆம் பாடலில் தருகிறார். இன்றைய லொறிகளின் அடியில் தொங்கும் மேலதிகச் சக்கரத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த அச்சு நினைவுக்கு வரும்.

கீழ்மாகாணத்தில் இந்தச் சாத்துக்குத் ‘தவளம்’ என்று பெயர். பொதி மாடுகளின் வரிசை. உப்பும் கருவாடும் புடைவையும் கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போகும். பாக்கும் தானியமும் திரும்பி வரும். கண்டி இராச்சியத்துக்கும் கிழக்குக் கரைக்கும் இடையில் இந்தத் தவளங்களைப் பெரும்பாலும் நடத்தியவர்கள் முஸ்லிம் வணிகர்கள். சக்கரம் இல்லாமல் மாட்டின் முதுகை நம்பியதற்குக் காரணம் பாதைதான். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி அரசனின் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸ், உள்நாட்டுப் பாதைகள் ஒருவர் பின் ஒருவராகவே நடக்கக்கூடிய ஒடுங்கிய பாதைகள் என்று எழுதியிருக்கிறார். எதிரி உள்ளே வரக்கூடாது என்பதற்காக அகலமான பாதை வேண்டாம் என்று இருந்த நாடு அது.

பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டில் வீதிகளை அகலப்படுத்தியதும் மாட்டு வண்டி வந்தது. போர்த்துக்கேயச் சொல்லான ‘கரேட்டா’ எங்கள் வாயில் ‘கரத்தை’ ஆகியது. பாரக் கரத்தைக்கு வில் இல்லை. அச்சு நேரே சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். கல்லொன்றில் சக்கரம் ஏறினால் அந்த அதிர்ச்சி முழுவதும் சுமைக்கும், சுமையிலிருந்து மாட்டின் கழுத்துக்கும் போகும். வசதியுள்ளவர்கள் ஏறிச் செல்லும் வண்டிக்கு மட்டும் வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கிய வில் இருந்தது. அதனால்தான் அதற்கு வில்லுவண்டி என்று பெயர். இங்கிலாந்தில் ஒபதாயா எலியட் என்பவர் 1804இல் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றார்; குதிரை வண்டிகள் இலகுவாயின. நூறு ஆண்டு கழித்து மோட்டார் வண்டி வந்தபோது அதே வில் அதன் அடியிலும் போய் உட்கார்ந்தது.

இனி கந்தளாய். திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தில், ஹபரணை நோக்கிச் செல்லும் ஏ-6 வீதியில் இருக்கிறது. குளத்தைக் கி.பி. 612இல் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டினான் என்பது வரலாற்றாசிரியர் கூற்று. குளக்கோட்டன் கோணேசர் கோயிலுக்காகக் கட்டினான் என்பது எங்கள் மரபு. இந்த வழக்கை இங்கே தீர்த்துவைக்க நான் முன்வரவில்லை. சோழர் காலத்தில் இங்கே பிராமணக் குடியிருப்பு ஒன்று சதுர்வேதிமங்கலமாக இருந்ததைத் தமிழ்ச் சாசனங்கள் காட்டுகின்றன. எனவே தானியமும் நெய்யும் எண்ணெயும் மூட்டைகளாக இந்த நிலத்தின்மேல் ஆயிரம் ஆண்டுகளாக நகர்ந்திருக்கின்றன என்பதில் சந்தேகமில்லை. 1927இல் ரயில் வந்தது. குடியேற்றத் திட்டம் வந்தது. 1960களில் செக்கோஸ்லோவாக்கிய உதவியுடன் சீனித் தொழிற்சாலை இயங்கியது. கரும்பை இழுத்தவை உழவு இயந்திரங்களும் அவற்றின் பெட்டிகளும். (ட்ரெயிலரைப் ‘பெட்டி’ என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.) தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டுவிட்டது.

லான்ட் றோவர் இந்தக் கதைக்குள் வந்தது இரண்டாம் உலகப் போரின் வாலைப் பிடித்துக்கொண்டு. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் நேசநாட்டுப் படைகள் நிறைந்திருந்த அந்த ஆண்டுகளில் ‘ஜீப்’ என்ற சொல் எங்கள் மொழிக்குள் நுழைந்தது. பின்னர் நான்கு சக்கரமும் இழுக்கும் எந்த வண்டியும் எங்களுக்கு ஜீப்தான். போர் முடிந்தபின் இங்கிலாந்தின் றோவர் நிறுவனத்தைச் சேர்ந்த மொறிஸ் வில்க்ஸ், அங்கிள்சி தீவில் இருந்த தமது பண்ணையில் ஒரு பழைய வில்லிஸ் ஜீப்பை வைத்திருந்தார். அது உடைந்தால் பதிலுக்கு வாங்க எதுவுமில்லையே என்ற கவலையில் பிறந்ததுதான் லான்ட் றோவர். 1948 ஏப்ரல் 30இல் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் வைக்கப்பட்டது. முதல் வண்டியின் சக்கர இடைத்தூரம் 80 அங்குலம். ஜீப்புக்கும் அதே 80. உருக்குத் தட்டுப்பாடாக இருந்ததால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அந்தத் தட்டுப்பாட்டின் பயனைக் கடற்கரை ஊர்க்காரர்கள் அனுபவித்தோம். திருகோணமலையின் உப்புக் காற்றில் மற்ற வண்டிகளின் கதவுகள் கரைந்து விழ, லான்ட் றோவரின் உடல் அப்படியே இருக்கும். அடிச்சட்டம் மட்டும் உருக்கு. அது உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

1957இல் கடற்படைத் தளமும் விமானத் தளமும் இலங்கையிடம் கையளிக்கப்பட்டன. அதன் பின்னர் அரச திணைக்களங்களும் பொலிஸும் இராணுவமும் தோட்டத்துரைமாரும் இந்த வண்டியில்தான் திரிந்தார்கள். 1970களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி ஏறத்தாழ நின்றுபோனது. 1977க்குப் பின் கதவு திறந்து ஜப்பானிய வண்டிகள் குவியும்வரை, இருந்ததைத் திருத்தி ஓடுவதே வழி. லொறியின் வில்லுத் தகட்டை வெட்டி ஜீப்புக்குப் போடும் கலை அந்த ஆண்டுகளில்தான் எங்கள் கராஜ்களில் முதிர்ச்சியடைந்தது. டார்ஜிலிங் பக்கத்தில் மானேபஞ்சனிலிருந்து சந்தக்பூ மலைக்கு முதல் தலைமுறை லான்ட் றோவர்கள் இந்த நூற்றாண்டிலும் ஏறிக்கொண்டிருந்ததை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

என் மாமாவிடம் இருந்தது 1958க்குப் பின் வந்த இரண்டாம் வரிசை வண்டி, 88 அங்குலம், 2.25 லீற்றர் பெற்றோல் இயந்திரம். ஒரு திணைக்களம் ஏலத்தில் விற்றதை வாங்கியிருந்தார். அதன் பின்னால் தாமே கட்டிய பெட்டி ஒன்று. கூலிக்கு நெல், செங்கல், கிரவல் ஏற்றுவது தொழில். மழைக்காக வளைகம்பி வைத்துத் தகரக் கூரை போட்டிருந்தார். பாரம் ஏற்றும்போது கழற்றிவிடலாம்.

வில்லுத் தகட்டு வண்டியால் சுமை இழுப்பது என்ன விஷயம் என்பதை அவரிடம்தான் கற்றேன். தகடுகள் நீளத்தில் குறைந்துகொண்டே அடுக்கப்பட்டிருக்கும். மேலே உள்ள தாய்த் தகட்டின் இரு முனைகளும் சுருண்டு கண்ணாக இருக்கும். ஒரு கண் சட்டத்தில் நிலையாகவும் மற்றது ஆடும் இணைப்பிலும் பூட்டப்பட்டிருக்கும், ஏனென்றால் பாரம் ஏறி வில் நிமிரும்போது அதன் நீளம் கூடுகிறது. தகடுகள் ஒன்றோடொன்று உரசுவதால் துள்ளல் தானாகவே அடங்கும். அந்த உரசல் துருவால் இறுகிவிட்டால் வில் வேலை செய்யாது, வண்டி பாரக் கரத்தை ஆகிவிடும். ஆகவே மாதம் ஒருமுறை கழிவு எண்ணெய் பூசுவார். பின்னால் பாரம் மிகுந்தால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து முன்புறம் எழும்பும். முன்சக்கரம் நிலத்தை இலேசாகத் தொடும். சுக்கான் வெறும் கையாகிவிடும். இரவில் விளக்கு மரக்கிளையைப் பார்க்கும். மேலதிகத் தகடு ஒன்றைச் செருகினால் தாழாது, ஆனால் வெறும் வண்டியாக ஓடும்போது இடுப்பு முறியும்.

பெட்டியைப் பூட்டுவதிலும் ஒரு கணக்கு உண்டு. அதன் மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு கொளுவியின்மேல் அழுத்த வேண்டும் என்பது அவுஸ்திரேலியாவில் கரவன் இழுப்பவர்களின் விதி. மாமாவுக்கு விதி தெரியாது. பெட்டியின் மூக்கைக் கையால் தூக்கிப் பார்ப்பார். இலேசாகத் தூங்கினால் பின்னால் பாரம் கூடிவிட்டது என்று இறக்கி மாற்றச் சொல்வார். பின்பாரம் கூடிய பெட்டி ஓட்டத்தில் நாய் வாலாட்டுவதுபோல ஆடத் தொடங்கும். அந்நேரம் பிறேக் பிடித்தால் வண்டியும் பெட்டியும் முழங்கை மடங்குவதுபோல மடங்கிவிடும். காலை மெல்ல எடுத்து வேகம் தானாகக் குறையும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

இதை அறிந்தவரும் ஒருநாள் தவறினார். நாலந்தைப் பக்கமிருந்து இறக்கத்தில் வரும்போது பெட்டியில் பலகை. பெட்டிக்குத் தனிப் பிறேக் இல்லை. வண்டியின் நான்கு உருளைப் பிறேக்குகளும் இரண்டின் பாரத்தையும் தாங்க வேண்டும். இறக்கத்தின் தலையிலேயே கியரைக் குறைக்காமல் பாதி வழியில் குறைக்கப் பார்த்தார், கியர் விழவில்லை. பிறேக் சூடேறிக் கால் கீழே போய்விட்டது. பெட்டி பின்னாலிருந்து தள்ளத் தள்ள, மலைப் பக்கத்து வடிகானில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினார். இடது பக்கத் தாய்த் தகடு முறிந்தது. சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையில் மரக்கட்டை ஒன்றை வைத்துக் கயிற்றால் வரிந்து கட்டி, மாட்டு வண்டி வேகத்தில் கந்தளாய்க்கு வந்து சேர்ந்தோம். அதற்குப் பிறகு பெட்டியின் அடியில் ஒரு தாய்த் தகட்டைக் கம்பியால் கட்டியே வைத்திருந்தார். மாமா புறநானூறு படித்தவரல்லர்.

1986 சித்திரைப் புத்தாண்டுக்கு மாமா குடும்பம் திருகோணமலையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. எனக்குப் பதினாறு வயது. ஒரு வாரம் தங்கிவிட்டார்கள். ஏப்ரல் 20 அதிகாலை, மூன்று மணியளவில், கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்தது. பதினான்காயிரம் அடி நீளமும் உயர்ந்த இடத்தில் ஐம்பது அடிக்கு மேல் உயரமும் கொண்ட மண் அணை. நித்திரையில் கிடந்த கிராமங்களின்மேல் தண்ணீர் போனது. இறந்தவர்கள் 120 பேருக்கு மேல். 180 வரை என்றும் சொல்லப்படுகிறது. 1,600க்கு மேற்பட்ட வீடுகளும் 2,000 ஏக்கர் நெல்வயலும் அழிந்தன. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் 8,000க்கு மேல்.

செய்தி எங்களுக்கு விடிந்த பிறகுதான் எட்டியது. பெட்டியில் அரிசி, தண்ணீர்ப் பீப்பாய், பழைய துணி ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். தார் வீதி முடிந்த இடத்தில் மாமா மஞ்சள் குமிழை அழுத்தி நான்கு சக்கர இழுவையைப் போட்டு, சிவப்புத் தடியை இழுத்துக் குறைந்த வேகத்துக்கு மாற்றினார். சேற்றில் வண்டி ஆமைபோல ஊர்ந்தது. வழியெங்கும் செத்த மாடுகள். அணைக்குக் கீழே வாய்க்கால் ஓரம் இருந்த மாமாவின் வீட்டுக்கு அத்திவாரமும் கிணற்றுக் கட்டும் மிஞ்சியிருந்தன. மாமி அழவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, “தண்ணி கலங்கியிருக்கு, இறைக்க வேணும்” என்றார்.

அன்றிரவிலிருந்து அந்தப் பெட்டிதான் வீடு. மேட்டு நிலத்தில் நிறுத்தி, முன்காலுக்கு மரக்கட்டை கொடுத்து, தகரக் கூரையை ஏற்றி, பக்கங்களுக்குப் படங்கு கட்டினார்கள். மாமியும் இரண்டு பிள்ளைகளும் உள்ளே. அயல்வீட்டுச் சிங்கள மூதாட்டி ஒருவரும் அவர்களோடு, ஏனென்றால் அவருடைய வீட்டார் ஒருவரும் மீளவில்லை. மாமா வண்டியின் ஆசனத்தில் உறங்குவார். அடுப்பு வெளியே. பெட்டியின் வில்லு ஒவ்வொரு முறை யாராவது ஏறும்போதும் கிறீச்சிடும். மூதாட்டி திடுக்கிட்டு எழும்புவார். மாமா அந்த வில்லுக்குக் கட்டை வைத்து இறுக்கிவிட்டார். நான் விடுமுறை தோறும் போய்த் தங்கினேன். இப்படி மூன்று மாதங்கள். மைத்துனருக்கு நான் அனுப்பிய பதிலில் இதைத்தான் எழுதினேன்.

அணை ஏன் உடைந்தது என்று பிறகு பேசப்பட்டது. அதற்குச் சொல்லப்பட்ட முக்கிய காரணங்களில் ஒன்று, கனரக வாகனங்கள் அணையின் மேலால் ஓட்டப்பட்டமை. பொதி மாடும் மனிதக் காலும் போவதற்கென்று மண்ணைக் குவித்து மிதித்து இறுக்கிய கட்டு அது. பன்னிரண்டு, பதின்மூன்று நூற்றாண்டுகள் அப்படியே தாங்கியது. ஒரு மண் அணை மேலிருந்து தினமும் குலுக்கப்படும்போது உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. நீர் ஒரு நூலளவு வழி கண்டுவிட்டால் அந்த வழியைத் தானே பெருப்பித்துக்கொள்ளும். வில்லுத் தகடு முறிவதற்கு முன் முனகும். மண் அப்படி முனகுவதில்லை.

இந்தக் காரணம் பத்திரிகையில் வந்த நாளிலிருந்து மாமா மாறிப்போனார். “அந்தக் கட்டுக்கு மேலால நானும் எத்தினை லோட் கிரவல் கொண்டு போனனான், தம்பி” என்பார். உங்கள் வண்டி எவ்வளவு, லொறிகளின் பாரம் எவ்வளவு என்று நான் பல தடவை கணக்குச் சொல்லியிருக்கிறேன். பத்திரிகையாளனான பின்னரும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருப்பார். “கணக்குச் சரி” என்பார். பெட்டியில் உறங்கிய மூதாட்டியின் முகத்தை அவர் நேராகப் பார்த்ததேயில்லை என்று மாமி பின்னாளில் என்னிடம் சொன்னார். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது மாமா குடும்பம் கந்தளாயை விட்டு வந்தது. லான்ட் றோவரை விட்டுவிட்டு வந்தார். திரும்பிப் போனபோது அது அங்கே இல்லை. பெட்டி மட்டும், சக்கரமில்லாமல், பற்றைக்குள் கிடந்தது.

கந்தளாயில் இன்னொரு முறையும் கரவன்களைக் கண்டேன். 2006 ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் மூதூரில் சண்டை மூண்டபோது பல்லாயிரக்கணக்கான மக்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள், கந்தளாய்க்கு வந்து சேர்ந்தார்கள். செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். நடந்து வந்தவர்களே அதிகம். உழவு இயந்திரம் கிடைத்தவர்கள் பெட்டியில் முதியவர்களையும் குழந்தைகளையும் பாயையும் பானையையும் ஏற்றி வந்திருந்தார்கள். பாடசாலைகளில் இடம் போதாமல் சில குடும்பங்கள் பெட்டிகளிலேயே இரவைக் கழித்தன. ஒரு காலத்தில் தவளம் நடத்தி உப்பும் கருவாடும் ஏற்றிய சமூகம், அதே திசையில் தன்னையே ஏற்றி வந்திருந்தது. பெட்டியொன்றின் மூக்குக்குக் கட்டை கொடுத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனிடம், வில்லையும் இறுக்கிவிட்டால் கிழவிக்கு உறக்கம் வரும் என்று சொன்னேன். உழவு இயந்திரப் பெட்டிக்கு ஏது வில்லு என்று சிரித்தான். அவன் சொன்னது சரி. அந்தப் பெட்டியின் அச்சு நேரே சட்டத்தில் உட்கார்ந்திருந்தது.

போர் முடிந்தபின் மாமா ஒருமுறை கந்தளாய்க்குப் போய்ப் பற்றைக்குள் கிடந்த பெட்டியின் அடியிலிருந்து கம்பியை வெட்டி அந்தச் சேமத் தகட்டை எடுத்து வந்தார். ஒருநாளும் பாரம் ஏறாத தகடு. கொல்லனிடம் கொடுத்து இரண்டு கத்திகள் அடிப்பித்தார். ஒன்று மாமியிடம் இருக்கிறது. மற்றது எங்கள் வீட்டுக் குசினியில், தேங்காய் உடைக்க.